மைத்துனர் பேயைப் பார்க்க ரெங்கம் போனது

வியாழக்கிழமை, காலை ஆறரை மணி. சிங்கப்பூர்.

என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் என்னைப் பேய்ப்பித்தன் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். துறைமுகக் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்க்கிற எனக்குக் கள் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், எங்காவது பேய் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் லீவு போட்டுக்கொண்டு போய்விடுவேன். இதுவரை பதினோரு இடம் பார்த்தாயிற்று. ஒரு பேயாவது முகம் காட்டணுமே! பயமில்லையா என்று கேட்பீர்கள். ஐயோ, நிறைய இருக்கிறது. பயமே இல்லாதவனுக்குப் பேயைத் தேடிப் போவதில் என்ன சுகம்?

இந்தத் தடவை ஜொகூரில் மூன்று இடம் குறித்து வைத்திருந்தேன். உலு திராமில் ஒரு பாழடைந்த பங்களா, ரெங்கத்தில் ஒரு தோட்டம், மூவாரில் ஆற்றோரத்துப் படகுத்துறை. நடுவில் உள்ள ரெங்கத்தைப் பற்றி உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்துப் பேய் வேறு யாருமில்லை, என் மனைவி அஞ்சலையின் அண்ணன் மாணிக்கம்.

மாணிக்கம் அங்கே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. போன வருஷம் மலேரியாக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டார். எங்களுக்குத் தகவல் வந்தபோது அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அஞ்சலைக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இப்போது, அவருடைய கூட்டாளி காத்தமுத்துவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. "மாணிக்கம் அவன் மரங்களுக்குத் திரும்பி வந்துவிட்டான். பக்கத்து மரவரிசைக்காரர்கள் வேலைக்குப் போகப் பயப்படுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கோடாங்கி வந்து அவனை மரத்தோடு ஆணி அடித்துக் கட்டப் போகிறார். கூடப் பிறந்தவள் ஒரு தடவை வந்து பார்த்தால் நல்லது" என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை நான் படிக்கப் படிக்க அஞ்சலை அரிசி களைந்துகொண்டிருந்தாள். படித்து முடித்ததும் களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

"பேயாவது, பிசாசாவது. எல்லாம் வேலையத்தவங்க கட்டுற கதை" என்றாள். பிறகு, "எங்கண்ணன் மேல எவன் ஆணி அடிக்கிறான்னு நானும் வந்து பாக்கறேன்" என்றாள்.

பேயே இல்லை என்றால் ஆணி அடித்தால் என்ன என்று கேட்க நாக்கு வரை வந்தது. நான் பேயிடம்தான் அடி வாங்கவில்லை, அஞ்சலையிடம் வாங்குவானேன் என்று விட்டுவிட்டேன்.

காலை எட்டு மணி. ஜொகூர் பாரு.

பஸ்ஸில் ஆளுக்கு முப்பத்தைந்து காசு. கடல்பாலத்தின் மேல் வரும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளவென்று இருந்தது. அஞ்சலை எதையும் பார்க்கவில்லை. மடியில் ஒரு பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் எள்ளுருண்டை. முதல் நாள் சாயங்காலம் முழுக்க இடித்து இடித்து உருட்டியது.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"வழியில திங்கறதுக்கு" என்றாள். வழியில் எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

ரெங்கத்துக்கு ரயில் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான். கையில் ஆறு மணி நேரம் இருந்தது. உலு திராம் பதினாலு மைல், போய்விட்டு வந்துவிடலாம் என்று மெல்ல எடுத்துவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போலாம், வாங்க. இல்லன்னா ரயில்ல ரெண்டரை மணி நேரமும் அந்த பங்களாவயே சொல்லிக்கிட்டு வருவீங்க" என்றாள். பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், வேறென்ன சொல்வாள்!

காலை ஒன்பதே முக்கால். உலு திராம்.

வாடகைக் காருக்குப் போகவர இரண்டு வெள்ளி. ஓட்டியவர் வயதான மலாய்க்காரர், மரியாதைக்குப் பாக்சிக் என்று கூப்பிட்டேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரம், நடுவில் கொஞ்சம் காடு, மறுபடி கித்தா மரம். பேய் பங்களா என்று சொன்னதும் அவர் "அலமாக்!" என்று சிரித்தார். சொந்த ஊர்க்காரரைப் பற்றி விசாரித்த மாதிரி ஒரு சிரிப்பு.

பங்களா சிவப்பு மண் மேட்டின் மேல் இருந்தது. ஓடுகளில் பாதி இல்லை. வராந்தாவில் மூங்கில் தட்டி தொங்கியது. வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி மாடியில் நின்று தலை வாருவாள் என்பது ஊர்ப்பேச்சு. நான் குடையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறினேன். உள்ளே ஏதோ தடதடவென்று ஓடியது. ஏறின மூன்று படியையும் ஒரே தாவலில் இறங்கினேன். வெளியே வந்து எட்டிப் பார்த்தது ஒரு வெள்ளாடு.

பாக்சிக் வண்டியில் சாய்ந்துகொண்டு மலாயில் விளக்கம் சொன்னார். ரப்பர் விலை விழுந்தபோது துரை கப்பலேறினாராம், சமையல்காரன் போனானாம், தோட்டக்காரன் போனானாம். துரைசானியும் அதோடு வேலை இல்லாமல் போயிருப்பாள் என்றார். பேய்க்குக்கூட ஆள்குறைப்பு! எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சாலையோரத்துக் கடையில் தேநீர் வாங்கினேன். ஒரு கையில் குடை இருந்ததால் அஞ்சலைக்கு இடக்கையால் நீட்டிவிட்டேன். வாங்கவே இல்லை. "என்ன பழக்கம் இது? கை மாத்திக் குடுங்க" என்று கடைக்காரர் முன்னாலேயே சொன்னாள். குடையைக் கக்கத்தில் இடுக்கி, கோப்பையை மாற்றி, கொஞ்சம் சட்டையிலும் சிந்திக்கொண்டு கொடுத்தேன். அந்த விஷயத்தில் அவளிடம் மன்னிப்பே கிடையாது. அவளுடைய அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி.

"எங்கண்ணன் இடக்கைக்காரன். எது குடுத்தாலும் அந்தக் கையத்தான் நீட்டுவான். எங்கம்மா அகப்பையாலேயே போடுவா. எனக்கும் சேத்து விழும், ஏன் சிரிச்சேன்னு" என்று தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்.

அண்ணனைப் பற்றி அவளாக வாய் திறந்தது ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பிற்பகல் இரண்டு மணி. ரயிலில்.

மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஒரு வெள்ளி பத்துக் காசு. மரப் பலகை, எதிரே கூடையில் வாத்தோடு ஒரு சீனர். கூலாய் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. லாயாங் லாயாங்கில் வண்டி நின்ற நேரத்தில் வாத்து என் வேட்டியைக் கொத்தியது. பன்னிரண்டு பேய்த்தலம் பார்த்தவன் வாத்துக்குப் பயந்து காலைத் தூக்கி உட்கார்ந்தேன். அஞ்சலை சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நெசமாவே அவன் அங்க நிப்பானா?" என்று கேட்டாள்.

பதினெட்டு வருஷமாகப் பேய் உண்டு என்று அவளிடம் வாதாடியவன் நான். அன்றைக்கு மட்டும், "போய்ப் பாப்போம்" என்றேன்.

மாலை ஐந்து மணி. ரெங்கம்.

ரெங்கம் ஒரே ஒரு கடைவீதி. மழை விட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ராவுத்தர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடை. பரோட்டா ஐந்து காசு, குழம்பு தாராளம். எங்கே போகிறோம் என்று சொன்னதும் அவர் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"மாணிக்கத்தோட தங்கச்சியா? வாம்மா, உக்காரு. நல்ல பையன்மா. தேத்தண்ணி குடிச்சிட்டு கிளாஸைக் கவுத்து வெச்சிட்டுப் போவான், ஈ மொய்க்கும்னு. என் கடையில வேற எவனும் அப்படிச் செஞ்சதில்ல" என்றார். எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அங்கிருந்து தோட்டம் மூன்று மைல், மாட்டு வண்டியில் போனோம். காத்தமுத்து தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். பேயைப் பார்த்த முகம் எப்படியிருக்கும் என்று என்னைக் கேட்டால் அந்த முகத்தைச் சொல்வேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் மூன்று தாயத்து.

"வா தங்கச்சி. வாங்க மாப்பிள்ளை" என்றார். கூட்டாளியின் தங்கை புருஷன் அவருக்கு மாப்பிள்ளை முறை. எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனிதரைப் பிடித்துப்போயிற்று.

பேய் என்ன செய்கிறது என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். தோட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஒருவருக்கு வெட்ட ஒதுக்கிய மர வரிசைக்கு நிறை என்று பெயர். காலையில் மரத்தைக் கீறிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து கீழே கட்டியிருக்கிற சின்னக் கிண்ணத்தில் விழும். அதற்கு மங்கு என்று பெயர். பத்து மணி வாக்கில் மங்கில் உள்ள பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு, மங்கைத் துடைத்துக் கம்பியில் கவிழ்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். மாணிக்கம் மட்டும் மரத்தின் இடப்பக்க வேர் மேல் கவிழ்த்து வைப்பாராம். இடக்கைக்காரருக்கு அதுதான் வசதி. பன்றி வந்து உருட்டிவிடும் என்று கங்காணி திட்டியும் கேட்கவில்லையாம்.

"அவன் நிறையை எனக்குப் போன தை மாசம்தான் குடுத்தாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு. நான் கம்பியிலதான் மாட்டிட்டு வர்றேன், சாமி சத்தியமா. மறுபடி போய்ப் பாத்தா பத்து இருபது மங்கு இடப்பக்க வேருல கவுந்து கெடக்கு. அவன் வெச்ச மாதிரியே. கங்காணியே கண்ணால பாத்தாரு, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வர்றதில்ல" என்றார் காத்தமுத்து.

"குரங்கா இருக்கும்" என்றாள் அஞ்சலை.

"குரங்கு துடைச்சு வைக்குமா தங்கச்சி?"

அவள் திரும்பித் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒழுங்கான பேய் எனக்குக் கிடைத்ததே இல்லை!

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

கோடாங்கி குளுவாங்கிலிருந்து பன்னிரண்டு மணிக்கு வருகிறார். ஏற்பாடெல்லாம் தயார். கித்தா மரத்தில் ஆணி அடித்தால் பிழைப்பில் கை வைப்பேன் என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி சொல்லிவிட்டதால், சதுப்பு ஓரத்தில் நிற்கிற காட்டு மரம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். விரற்கடைத் தடிமனில் ஓர் இரும்பு ஆணி கங்காணி வீட்டில் மஞ்சள் பூசி வைத்திருந்தது. அஞ்சலை அதை ஒரு தரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். பிறகு காத்தமுத்துவிடம், "அண்ணே, பால் எடுக்கப் போறப்ப நானும் வர்றேன். அவன் மரத்தையெல்லாம் பாக்கணும்" என்றாள்.

மூவருமாகப் போனோம். வெளியில் வெயில் கொளுத்தினாலும் நிறைக்குள்ளே அரை இருட்டு. கொசு பிடுங்கித் தின்றது. நான் நடுவில் நடந்தேன், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் இருப்பது நல்லது என்று.

காத்தமுத்து இடக்கையில் வாளியைப் பிடித்து, வலக்கையால் மங்கை எடுத்து ஊற்றி, துடைத்து, கம்பியில் மாட்டினார். அடுத்த மரம், அதற்கடுத்தது, நாற்பது ஐம்பது மரம் அப்படியே. வாயைத் திறக்கவில்லை. நிலம் சரிந்து சதுப்பை நோக்கி இறங்குகிற இடம் வந்ததும் அஞ்சலை கேட்டாள்:

"அண்ணனை எப்படிப் பழக்கம் உங்களுக்கு?"

அவ்வளவுதான், அவருக்கு மடை திறந்துவிட்டது.

"கப்பல்ல வந்து எறங்கி மூணாம் நாளு தங்கச்சி. எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது. ஏர் பிடிச்ச கை. கங்காணி என்னை இவன்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாரு. இந்தா, இதே பள்ளத்துலதான். இந்த மரங்கதான். 'நான் செய்யறதப் பாத்துச் செய்யிடா'ன்னான். ஒரு மாசம் அவன் பின்னாலயே சுத்துனேன். எனக்குக் காச்சல் வந்தப்ப என் மரத்தையும் சேத்து வெட்டி என் பேருலயே பால் ஊத்தினான். பாடுவான், கொரல் கழுதை மாதிரி இருக்கும்…"

சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போனார். நான் கேட்டுக்கொண்டே கொசு அடித்தேன். அஞ்சலை என் முழங்கையைப் பிடித்தாள். கிள்ளுகிற மாதிரிப் பிடித்தாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

வாளி காத்தமுத்துவின் வலக்கைக்கு மாறியிருந்தது. இடக்கை மங்கை எடுத்தது, ஊற்றியது, விரலால் ஒரு சுற்றுத் துடைத்தது, குனிந்து இடப்பக்க வேர் மேல் கவிழ்த்து வைத்தது. அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. வாய் மாணிக்கத்தின் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கை செய்ததை அவர் பார்க்கவே இல்லை.

இன்னும் நாலு மரம். நாலிலும் அதே மாதிரி.

"அண்ணே" என்றாள் அஞ்சலை. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினார். வேர்களின் மேல் ஐந்து மங்கு. வாளி கையிலிருந்து நழுவிப் பால் பாதி கொட்டிப்போயிற்று. "ஐயோ தங்கச்சி, பாத்தியா! நம்ம பின்னாலயே வந்திருக்கான்! மாப்பிள்ளை, ஓடுங்க!"

ஓடத்தான் நினைத்தேன், ஒளிப்பானேன். அவ்வளவு கண்ணால் கண்ட பிறகும் கால் தானாகத் திரும்பிவிட்டது. அஞ்சலை நகரவில்லை.

"அண்ணே, நீங்கதான் வெச்சீங்க."

"நானா? நான் கம்பியில மாட்டினேன்!"

"மேல மாட்டினீங்க. இந்தப் பள்ளத்துக்கு வந்ததும் வாளி கை மாறிடுச்சு. அவன் கத்துக்குடுத்த மரம் வந்ததும் அவன் சொன்ன மாதிரியே செய்றீங்க. உங்களுக்கே தெரியல."

அவர் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க. பேயைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி வாழ்நாளில் வந்ததில்லை. "அவ சொல்றது நெசம்தாங்க. நானும் பாத்தேன்" என்றேன்.

காத்தமுத்து தன் இடக்கையைத் தூக்கிப் பார்த்தார். பால் காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது. அப்படியே வேர் மேல் உட்கார்ந்துவிட்டார். பயம் தெளிந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழுதார்.

"அப்ப அவன் வரவே இல்லியா? ஆறு மாசமா வர்றான் வர்றான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே தங்கச்சி. பயந்தேன், நெசம்தான். ஆனா வந்தான்னு இருந்துச்சே."

அஞ்சலையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் எதிர்பாத்துத்தான் வந்தேண்ணே" என்றாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், நான் கொட்டிய பாலையும் வாளியையும் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி வந்தேன்.

பகல் பன்னிரண்டு மணி.

காட்டு மரத்தடியில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். கோடாங்கி தடித்த மனிதர், நெற்றி நிறைய விபூதி. உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டி ஆணியை எடுத்தார். காத்தமுத்து நேரே போய் அவர் முன்னால் இடக்கையை நீட்டினார்.

"சாமி, அடிக்கறதா இருந்தா இதுல அடிங்க. அவன் இதுக்குள்ளதான் இருக்கான்."

நடந்ததை அவரே எல்லாருக்கும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கோடாங்கி கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இது கெட்டது இல்ல, துணைக்கு வந்தது. இதக் கட்டக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லி ஆணியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கங்காணி தொண்டையைச் செருமினார். "பள்ளத்துல இருக்கற மரத்துக்கெல்லாம் வேருலயே வெச்சிக்க. பன்னி உருட்டினா நீதான் பொறுக்கணும். மேல எல்லாம் கம்பியில மாட்டணும், ஆமா" என்றார். அந்தத் தோட்டத்தில் கங்காணி ஒருவர் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவையாம்.

அப்போதுதான் அஞ்சலை பிஸ்கட் டின்னைத் திறந்தாள். முதல் எள்ளுருண்டையை எடுத்துக் காத்தமுத்துவிடம் நீட்டினாள். அவர் வேட்டியில் துடைத்துவிட்டு வலக்கையை நீட்டினார்.

"அந்தக் கை வேணாம்ணே. இந்தக் கையில வாங்கிக்குங்க" என்றாள்.

அவர் தயங்கினார். பெண்பிள்ளை தருவதை, அதுவும் தின்பண்டத்தை, யாராவது இடக்கையால் வாங்குவார்களா? அவளே அந்தக் கையைப் பிடித்து விரித்து, உருண்டையை வைத்து, விரல்களை மூடினாள். "அகப்பையால அடிக்க எங்கம்மா இல்ல. தின்னு" என்றாள். நீங்க என்று இதுவரை அவரோடு பேசியவள், தின்னு என்றாள்.

அவர் தின்றார். டின் காலியாகும் வரை அவள் அவர் பக்கத்திலேயே நின்றாள்.

சனிக்கிழமை, காலை ஏழரை மணி. ரெங்கம் ஸ்டேஷன்.

குளுவாங் வழியாக மூவார் போக எனக்கு இன்னும் இரண்டு நாள் லீவு இருந்தது. படகுத்துறையில் ஒரு பேய் என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கும். அஞ்சலை "போலாமா?" என்று கேட்டாள். எனக்கு என்னமோ மனம் வரவில்லை. சிங்கப்பூருக்கே டிக்கெட் எடுத்தேன். காத்தமுத்து வேலைக்குப் போகாமல் வழியனுப்ப வந்திருந்தார். வண்டி நகர்ந்ததும் கையை ஆட்டினார். எந்தக் கை என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

அன்று மாலை, சிங்கப்பூர்.

எங்கள் வீட்டில் பேய் கிடையாது. நாலாவது மாடி, கீழே டிராம் சத்தம், எதிர்வீட்டில் எந்நேரமும் கிராமபோன். அங்கே அந்தப் பள்ளத்தில் இருந்த அமைதிக்கு இங்கே இடமே இல்லை. நான் காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றினேன். வலக்கையில் என்னுடையது இருந்ததால், யோசிக்காமல் அவளுடையதை இடக்கையால் நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. திட்டு விழும் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டேன்.

அஞ்சலை அந்த டம்ளரைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு ஜன்னலோரமாகக் கவிழ்த்து வைத்தாள்.